பன்னிரண்டு சென்டிமீட்டர் வேம்பு

ஐஸ் குச்சியில் பச்சைப் பஞ்சு உருண்டையைச் செருகி வைத்துவிட்டு அதற்கு மரம் என்று பெயர் சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. எந்த ஊரில் மரம் உருண்டையாக இருக்கிறது? திண்டுக்கல்லிலிருந்து வடமதுரை வரைக்கும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போய்ப் பாருங்கள். ஒரே ஒரு உருண்டையைக் காட்டிவிட்டால் நான் இந்தத் தொழிலையே விட்டுவிடுகிறேன். புளி பரந்து கிடக்கும். உடைமரம் மேலே தட்டையாக விரியும். வேம்பு இடைவெளி விட்டு நிற்கும், அந்த இடைவெளியில் வானம் தெரியும். தென்னைகூட ஒன்று நிற்கிற மாதிரி இன்னொன்று நிற்காது. இதையெல்லாம் தினம் தினம் பார்த்து வளர்ந்த ஆள், கடைக்குப் போய்ப் பாக்கெட்டில் அடைத்த பச்சை உருண்டைகளை வாங்கி அட்டையில் ஒட்டிவிட்டு, "மாடல் ரெடி" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறான். இவனுக்கெல்லாம் கண் எதற்கு?

நான் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி இல்லை என்பதில் எனக்கு எப்போதும் ஒரு திமிர் உண்டு. கோயம்புத்தூரில் கட்டட மாடல் செய்கிற பட்டறை ஒன்றில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். கட்டடம், பாலம், மாடிப்படி எல்லாம் ஆண்கள் கையில். "பொம்பளப் புள்ளைங்களுக்குத்தானுங்க பொறுமை இருக்கும்" என்று சொல்லி மரத்தை என் பக்கம் தள்ளிவிட்டார்கள். அவர்களுக்கு மரம் என்றால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே இருக்கிற ஓட்டையை அடைக்கிற பச்சை, அவ்வளவுதான். சரி, போங்கடா என்று நான் மரத்தையே பிடித்துக்கொண்டேன். கல்யாணமாகி நாகல் நகருக்கு வந்த பிறகு மாடியில் ஒரு அறையை ஒழித்துப்போட்டு அங்கேயே உட்கார்ந்து செய்கிறேன். வீட்டுக்காரருக்கு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கமிஷன் கடையில் வேலை. தக்காளியையும் முருங்கைக்காயையும் லாரி லாரியாக ஏற்றி அனுப்புகிற மனுஷனுக்கு, பெண்டாட்டி விரல் நீளத்தில் மரம் செய்வது இன்றுவரை விளங்கவில்லை. யாராவது கேட்டால், "ஏதோ கைவேல பாக்குறா" என்று முடித்துவிடுவார்.

செய்முறையில் ரகசியம் ஒன்றும் கிடையாது. மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடைகளில் கழித்துப்போடுகிற பழைய செம்புக் கம்பியை வாங்கி வந்து, முப்பது நாற்பது இழைகளைச் சேர்த்து முறுக்கினால் அடிமரம். மேலே போகப் போக இழைகளைப் பிரித்துப் பிரித்து முறுக்கினால் கிளை, சிறுகிளை, குச்சி. சுவருக்குப் பூசுகிற பட்டியைப் பசையில் குழைத்து அதன் மேல் தடவி, காய்வதற்குள் ஊசியால் கீறினால் பட்டை. இலைக்கு, பழைய ஸ்பாஞ்சைப் பெயின்ட்டில் ஊறவைத்து மிக்ஸியில் அரைத்து, காயவைத்து, மாவு சலிக்கிற மாதிரி சலிக்க வேண்டும். அதற்கென்று தனி ஜார் வைத்திருக்கிறேன். ஒருநாள் வீட்டுக்காரர் அவசரத்தில் அந்த ஜாரிலேயே தேங்காய்ச் சட்னி அரைத்துவிட்டு, கொத்தமல்லி போடாமலே சட்னி எப்படிப் பச்சையானது என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தார். இதெல்லாம் யாருக்கும் வரக்கூடிய கைப்பழக்கம். எந்தெந்த இடத்தில் இலை வைக்கக்கூடாது என்று தெரிவதுதான் கஷ்டம். அது பத்தில் ஒன்பது பேருக்குத் தெரியாது.

வாங்குகிறவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பெங்களூரிலும் சென்னையிலும் மேசை மேல் பொம்மை ரயில் ஓட்டுகிற பெரிய மனிதர்கள் சிலர் என்னிடம் கூரியரில் மரம் வாங்குகிறார்கள். எஞ்சினில் ஒரு ஆணி இடம் மாறியிருந்தால் ஒரு வாரத்துக்குச் சண்டை போடுவார்கள். மரம் என்று வந்தால், "ஏதாவது பச்சையா இருபது அனுப்புங்க மேடம்." ஒருவர் திண்டுக்கல் - பழனி ரயில் பாதையை அப்படியே வீட்டில் செய்கிறாராம். அதற்கு ஊசியிலை மரம் கேட்டார், கிறிஸ்துமஸுக்கு வைப்பார்களே, அது. நான் சீமைக்கருவேலம் செய்து அனுப்பினேன். போனில் கூப்பிட்டு, "என்ன மேடம், ஒரே முள்ளா இருக்கு" என்றார். அந்தப் பாதையில் ரயிலில் போயிருக்கிறீர்களா என்று கேட்டேன். "இல்ல, யூடியூப்ல பாத்திருக்கேன்" என்றார். தலையில் அடித்துக்கொண்டு போனை வைத்தேன்.

இப்படி ஊரில் எல்லோரையும் மட்டமாகப் பேசிக்கொண்டு திரிந்த காலத்தில்தான் அந்தப் பிளாட் போடுகிறவர் என்னைத் தேடி வந்தார்.

வெள்ளைச் சட்டை, கையில் தங்கச் சங்கிலி, நெற்றி நிறைய விபூதி. வடமதுரை ரோட்டில் கடலையும் சோளமும் விளைந்த காட்டை வாங்கி மனைகளாகப் பிரித்துப் போட்டிருந்தார். திண்டுக்கல்லில் உள்ள தன் ஆபீசில் வைப்பதற்கு மாடல் வேண்டும், கட்டடமும் ரோடும் வேறொருவன் செய்கிறான், மரம் மட்டும் நான் செய்ய வேண்டும். ஆபீசுக்குப் போய் அவருடைய பழைய மாடலைப் பார்த்தேன். கண்றாவி! ரோட்டோரம் வரிசையாகப் பச்சை உருண்டை, நடுவில் நீலக் கண்ணாடி ஒட்டிய நீச்சல்குளம், அதன் கரையில் ஒரு கொக்கு. கொக்கு வீட்டை விடப் பெரிசாக இருந்தது.

"நமக்குச் சிங்கப்பூர் மாதிரி வேணும்மா" என்றார்.

"எடத்தப் பாக்காம நான் மரம் செய்யமாட்டேண்ணே. அங்க என்ன நிக்குதோ அதத்தான் செய்வேன்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அங்க என்னம்மா நிக்குது, ஒரு மொட்டக் கெணறும் நாலு வேம்பும். சரி, ஞாயித்துக்கெழம பார்ட்டிகளக் கூட்டிக்கிட்டு வேன் போகுது, அதுல ஏறிப் போயிட்டு வா."

அந்த வேனில் என்னோடு ஏறியவர்களில் எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிற அக்காவும் அவர் வீட்டுக்கார அண்ணனும் இருந்தார்கள். அக்கா பிளவுஸ் தைக்கிறவர். தெருவில் பாதிப் பேருக்கு அவர் தைத்ததுதான் உடம்பில் நிற்கும், எனக்கும் அப்படித்தான். அண்ணன் இருபது வருஷத்துக்கு மேல் நூல் மில்லில் வேலை பார்த்து நெஞ்சு முழுக்கப் பஞ்சை வாங்கிக்கொண்டு வந்தவர். நாலு எட்டு வைத்தால் நின்று மூச்சு வாங்குவார். அவர்கள் இருப்பது சிமென்ட் ஷீட் போட்ட வாடகை வீடு. காலை பதினொரு மணிக்கெல்லாம் உள்ளே இட்லிப் பானைதான். அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, எதிர் மாடிவீட்டு நிழல் போகிற பக்கமெல்லாம் தெருவில் நகர்ந்து நகர்ந்து உட்காருவார். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அக்காவுக்கு ஒரே நினைப்பு. சின்னதாக ஒரு மனை, அதில் ஒரு ரூம், வெளியே அவர் உட்கார நிழல்.

அந்தக் காட்டின் மூலையில், வரப்பை ஒட்டி, அந்த வேம்பு நின்றது. மற்ற மூன்றும் சுமார்தான். இது மரம்! நெஞ்சளவு உயரத்தில் இரண்டாகப் பிரிந்து, ஒரு கவை நிமிர்ந்தும் இன்னொன்று கிணற்றுப் பக்கம் சாய்ந்தும் போயிருந்தது. ஆட்டுக்குத் தழை ஒடிக்கிறேன் என்று எவனோ ஒரு கிளையை வெட்டி, வெட்டின இடம் முண்டு கட்டிப் புடைத்திருந்தது. அதற்கு மேலே ஒரு கிளிப் பொந்து. அடியில் பழுத்த இலை மஞ்சளாகக் கொட்டிக்கிடந்தது. வேனில் வந்தவர்கள் எல்லாம் பஸ் ஸ்டாப்புக்கு எவ்வளவு தூரம், ஈசானி மூலை எது என்று பிளாட்காரரின் மேனேஜரைச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருத்தனும் நிமிர்ந்து மரத்தைப் பார்க்கவில்லை.

அண்ணன் பார்த்தார். வேனிலிருந்து இறங்கி நேராக அதன் அடியில் போய்த் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். அவர் நெஞ்சு வேகமாக ஏறி இறங்குவது அடங்கி நிதானமானதை நானே பார்த்தேன்.

"செத்த நேரந்தான் உக்காந்தேன் புள்ள, இழுப்பே இல்ல" என்று அக்காவிடம் சொன்னார்.

அக்கா பொண்ணு பார்க்க வந்தவர் மாதிரி மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு என்னிடம் வந்து, "ரோட்டோர மனையும் இருக்குங்குறாக. அது பஸ் ஸ்டாப்பு பக்கம், தைக்கக் குடுக்க நாலு பேரு வருவாக. இது மூல, ஆளு நடமாட்டமே இருக்காது. ஆனா இந்த மரம் இருக்குல்ல" என்றார். எது எடுப்பது என்று அன்றைக்கு அவருக்கு முடிவாகவில்லை.

எனக்கு அளவு எடுக்க வேண்டும். அண்ணனை எழுந்து மரத்தோடு ஒட்டி நிற்கச் சொன்னேன். தூரத்தில் நின்று பென்சிலைக் கண்ணுக்கு நேரே பிடித்து, அவர் உயரம் மரத்தில் எத்தனை தடவை ஏறுகிறது என்று பார்த்தேன். ஏழு தடவை. "நான் அளவு குச்சியாட்டம் நிக்கிறேனா தாயி?" என்று சிரித்தார். ஏழு அண்ணன் என்றால் கிட்டத்தட்டப் பன்னிரண்டு மீட்டர். மாடல் நூற்றில் ஒரு பங்கு. மரம் பன்னிரண்டு சென்டிமீட்டர்.

வீட்டுக்கு வந்து பத்து நாள் அந்த ஒரு மரத்தோடு மல்லுக்கட்டினேன். மற்ற மூன்று வேம்போடு, ரோட்டோரம் நடப்போவதாகப் பிளாட்காரர் சொன்ன மரங்கள் நாற்பது செய்தேன், அவை பாட்டுக்கு வந்தன. இது மூன்று தடவை சரியில்லை என்று பிய்த்துப் போட்டேன். கவை பிரிகிற இடம் வரவில்லை, பிறகு வந்தது. முண்டுக்குப் பட்டியைப் பொட்டுப் பொட்டாக வைத்துக் காயவிட்டு வைத்தேன். பொந்தைச் சூடு பண்ணின ஊசியால் குத்தினேன். நாலாவது தடவை இலை தூவி முடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது, எனக்கே ஒரு நிமிஷம் அந்தக் காட்டில் நிற்கிற மாதிரி இருந்தது. இதற்கு மேல் ஒருத்தராலும் செய்ய முடியாது என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பிளாட்காரர் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "ஏம்மா, மரம் வீட்ட விட ரெண்டு பங்கு ஒசரமா நிக்குது? வாங்குறவன் வீட்டப் பாக்க வாரானா, மரத்தப் பாக்க வாரானா? பாதியாக் கொற."

"ஒங்க வீடு ஆறு மீட்டருண்ணே, அந்த வேம்பு பன்னெண்டு மீட்டரு. நானா ஒசத்துனேன்?"

அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் ஆபீசில் வேலை பார்க்கிற பெண்கள் இரண்டு பேர் மரத்தைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றதைக் கவனித்துவிட்டார். வியாபாரி அல்லவா, வாயை மூடிக்கொண்டார்.

மனை விற்பனைத் திறப்பு விழாவுக்கு முதல் நாள், மாடலில் தரைக்குப் போட அந்தக் காட்டு மண்ணே வேண்டும் என்று பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கடையில் விற்கிற கலர்ப் பொடியைத் தூவுகிற ஜென்மம் நான் இல்லையே! போய் இறங்கினால், காடே இல்லை. பரப்பி வைத்த தோசை மாதிரி மொட்டைத் தரை, அங்கங்கே மஞ்சள் பெயின்ட் அடித்த கல். கிணற்றை மூடியிருந்தார்கள். மூலையில் என் வேம்பு வேரைக் காட்டிக்கொண்டு படுத்துக் கிடந்தது. இலை இன்னும் வாடக்கூட இல்லை. ஜேசிபி ஓட்டுகிறவர் வண்டி நிழலில் குத்தவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தக் காட்டில் அன்றைக்கு இருந்த நிழல் அது ஒன்றுதான்.

"எப்பண்ணே சாச்சீங்க?"

"காலைலதாம்மா. ரோட்டுக்குக் குறுக்க வருதுன்னு மேனேஜரு சொன்னாரு. நாலையும் சாச்சாச்சு."

அந்த ஆளை எனக்குக் கெட்ட வார்த்தையில் திட்ட வேண்டும் போல இருந்தது. அவர் என்ன செய்வார், பாவம். பையில் மண்ணை அள்ளிக்கொண்டு திரும்பினேன். பஸ்ஸில் வரும்போது பிளாட்காரரை மனசுக்குள் கிழி கிழி என்று கிழித்தேன். மரம் என்றால் மனைக்கு இடைஞ்சல், காடு என்றால் சதுர அடி, ஈரமில்லாத பயல். நேராக ஆபீசுக்குப் போய், "அந்த வேம்பு போயிருச்சேண்ணே. மாடல்லருந்து எடுத்துரவா?" என்று கேட்டேன்.

"கிறுக்கா ஒனக்கு? இருக்குறதுலயே அது ஒண்ணுதான் லட்சணமா இருக்கு. இருக்கட்டும் விடு. வாங்குறவக கன்னு வச்சு வளத்துக்குவாக" என்றார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் கேட்டாகிவிட்டது, அவர் வேண்டாம் என்றாகிவிட்டது. பாவம் அவர் தலையில், மரம் என் மாடலில். மண்ணைச் சலித்துத் தூவி, வேம்புக்கு அடியில் மஞ்சள் இலையைக் கூடக் கொஞ்சம் அள்ளிப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அதோடு நிற்காமல், அக்கா வீட்டு வாசலில் நின்று, "நாளைக்கு வந்து என் மரத்தப் பாருங்கக்கா" என்று கூப்பிட்டுவிட்டு வேறு வந்தேன். எதற்குக் கூப்பிட்டேன்? பெருமைதான். வேறு எந்த மண்ணாங்கட்டிக் காரணமும் இல்லை.

மறுநாள் ஆபீஸ் மாடியில் பூஜை, மேளம், வருகிறவர்களுக்கெல்லாம் கேசரியும் வடையும். மாடலைச் சுற்றிக் கூட்டம். ஒரு அம்மா, "நெசமாவே இது பொம்மையா?" என்று மரத்தைத் தொடப் போனார். ஒருத்தர் குனிந்து குனிந்து செல்போனில் படம் எடுத்தார். பிளாட்காரர் என்னைக் காட்டி, "நம்ம தங்கச்சிதான் செஞ்சது" என்று எல்லோரிடமும் சொன்னார். முதல் நாள் கிழித்த அதே மனுஷனைப் பார்த்து நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அக்கா தனியாக வந்தார். அண்ணனால் அந்த மாடிப்படி ஏற முடியாது. மாடலில் மூலையைத் தேடிக் கண்டுபிடித்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். "ஏ ஆத்தி! நாங்க உக்காந்த மரம்ல இது!" வெட்டுப்பட்ட முண்டை ஊசி பிடிக்கிற விரலால் மெதுவாகத் தொட்டார். பொந்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து மேனேஜரைக் கேட்டார்.

"ஏந்தம்பி, பிளாட்டுப் போட்டா மரத்தப் பூராம் வெட்டிருவாகன்னு தெருவுல சொல்றாக. இத வெட்டமாட்டீகல்ல?"

"அதான் மாடல்லயே இருக்குல்லம்மா" என்று சொல்லிவிட்டு மேனேஜர் அடுத்த ஆளிடம் நகர்ந்துவிட்டான்.

அக்கா என் பக்கம் திரும்பினார். அவனை அவர் நம்பவில்லை, என்னை நம்பினார். "நீ சொல்லு புள்ள. இந்த மரம் அங்க இருக்குல்ல?"

சுற்றி ஏழெட்டுப் பேர் என் மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது நேற்றே விழுந்துவிட்டது என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். சொல்லவில்லை. "ஒரு எல கூட மாறாம அப்பிடியே செஞ்சிருக்கேன்க்கா" என்றேன்.

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. ஆனால் அவருக்குப் பதிலாகிவிட்டது. "அப்ப அவருக்கு மூல மனைதான்" என்று சொல்லி அங்கேயே பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நான் காறித் துப்புகிற அந்தப் பச்சை உருண்டை இருக்கிறதே, அதைப் பார்த்து இந்த ஊரில் ஒருத்தரும் ஏமாந்ததில்லை. அந்த இடத்தில் உருண்டை இருந்திருந்தால் அக்கா ஒரு நொடி பார்த்துவிட்டு, சும்மா அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்று திரும்பியிருப்பார், இன்னொரு தடவை நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் பேர் எழுதியிருப்பார். முண்டும் பொந்தும் வைத்த மரம் அல்லவா அவரை மூலைக்குக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டது.

அதற்குப் பிறகும் நேரம் இருந்தது. பத்திரம் பதிய இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. ரோட்டோரத்தில் அப்போது நாலு மனை மிச்சம் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாற்றிக்கொண்டிருப்பார், பஸ் ஸ்டாப் பக்கம் ஒரு தையல் கடையாவது போட்டிருப்பார். முகூர்த்தக் காலம் என்பதால் அவர் ராப்பகலாக மிஷினை விட்டு எழவில்லை, இடத்தைப் போய்ப் பார்க்கவும் நேரமில்லை. நான் தினமும் அந்த வாசலைத் தாண்டித்தான் பால் வாங்கப் போனேன். இன்றைக்குச் சொல்லுவோம் என்று போவேன், மிஷின் சத்தம் கேட்கும், வேலையாக இருக்கிறார் என்று திரும்பிவிடுவேன். வீட்டுக்காரரிடம் மட்டும் பிளாட்காரரை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். "அம்புட்டையும் என்ட்ட சொல்ற. அந்தக்காட்ட சொல்லிட்டியா?"

"சொல்லணும்."

"ஆமா, சொல்லணும்ல" என்றார். தட்டில் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் குறைந்திருக்கிறதே என்று நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பத்திரம் பதிந்த அன்று அக்கா ஜிலேபி கொண்டுவந்து கொடுத்தார். "ஒன் மரத்தப் பாத்துத்தான் எனக்குத் தெம்பே வந்துச்சு" என்றார். நான் அந்த ஜிலேபியைத் தின்றேன். சீ, இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

முகூர்த்தமெல்லாம் முடிந்த பிறகு ஒரு வியாழக்கிழமை, இரண்டு பேரும் ஆட்டோ பிடித்து இடத்தைப் பார்க்கப் போனார்கள். அண்ணன் புதுச் சட்டை போட்டிருந்தார். மதியம் திரும்பி வந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அண்ணனை இறக்கிக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார் அக்கா. சாயங்காலம் என் மாடிக்கு ஏறி வந்தார். கையில், நான் தைக்கக் கொடுத்திருந்த மூன்று பிளவுஸ் துணி, வெட்டாமல், அளவு பிளவுஸோடு மடித்தபடி இருந்தது.

"அங்க மரம் இல்ல" என்றார்.

"ஆமாக்கா."

"எப்ப ஒனக்குத் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. "திறப்பு விழாவுக்கு மொத நாளே தெரியும்க்கா. விழுந்து கெடந்தத நானே பாத்தேன்."

அக்கா மேசையைப் பார்த்தார். பெங்களூருக்கு அனுப்ப வேண்டிய பத்துப் பதினைந்து மரங்கள் அதில் காய்ந்துகொண்டிருந்தன. பிளாட்காரன் சொன்னான், நான் எடுக்கிறேன் என்றுதான் சொன்னேன், அவன்தான் விடவில்லை என்று நான் உளற ஆரம்பித்தேன்.

"அவங்கெ கள்ளப் பயலுகன்னு எனக்குத் தெரியும். அதான அவங்கெள விட்டுப்புட்டு ஒன்னக் கேட்டேன்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "கன்னு வப்போம்க்கா. நர்சரில நல்ல பெரிய கன்னா நானே பாத்து எடுத்தாரேன். தெனம் பஸ் ஏறிப் போயித் தண்ணி நான் ஊத்துறேன்."

"மரத்தப் பத்தி எல்லாம் தெரிஞ்சவதான நீயி. வேப்பங்கன்னு வச்சா, ஒரு ஆளு அடில உக்காருற அளவுக்கு நெழலு வர எத்தன வருசம் ஆகும்?"

அதில் மட்டும் எனக்குப் பொய் வராது. "ஏழெட்டு வருசம் ஆகும்க்கா."

"அம்புட்டு வருசம் அவரு இருப்பாருன்னு நீ எழுதிக் குடுக்குறியா?"

கீழே தெருவில் அண்ணன் இருமுவது கேட்டது. அக்கா துணியை என் மேசை ஓரத்தில், மரங்கள் மேல் படாமல் பார்த்து வைத்தார். "வேற எடத்துல தச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். பாதிப் படியில் நின்று திரும்பினார். "ஒனக்குத் தெரியுங்குறத அவர்ட்ட சொல்லிராத. அவரு ஒன்ன நல்ல புள்ளன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு."

மறுவாரம் கடைக்குப் போகும்போது அண்ணன் தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எதிர் வீட்டு நிழல் அவரை விட்டு விலகிக்கொண்டிருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தேன். அவர் கையைத் தூக்கி நிறுத்தினார். பேசுவதற்கு முன்னால் மூச்சை வாங்கிக்கொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"தாயி, அந்த மரத்தப் பாவிப் பயலுக சாச்சுப்புட்டாங்கெ. ஒனக்குத் தெரிஞ்சா நீ மனசு ஒடஞ்சு போவேன்னு அக்காட்ட சொன்னேன். நீ ஒருத்திதான அன்னைக்கு அத நிமிந்து பாத்தவ."

மாடிவீட்டு நிழல் நகர்ந்துவிட்டது. அவர் எழுந்திருக்கப் பார்த்தார். நான் நாற்காலியைத் தூக்கி இரண்டு அடி தள்ளிப் போட்டேன். "நல்லா இரு தாயி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.